கம்பிக்குள் குடியிருந்த தாய்ப்புழு

நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. வாசலோரம் நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள், இடமிருக்கிறது. யாருக்காவது பல்வலி இருந்தால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டே கேட்கலாம், தடையில்லை. பிறத்தியார் பல்லை வைத்துத் தன் வயிற்றை நிரப்பிய ஒருவனுடைய கதையைச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். அடக்கினால் அது பல்லில்தான் போய் நிற்கும்.

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம். பினாங்குக்கு எதிர்க்கரையில், திகாம் பத்துவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். பால் வெட்டினாலும் வாங்க ஆளில்லை. அரிசியை அளந்து கொடுத்தார்கள். அதிலும் பாதி கல், மீதி புழு. கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்து, சேவல் கூவுவதற்கு முன்பே ஆட்களைப் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நிறுத்தினார்கள். சூரியனே தினமும் வேலைக்குப் பிந்தி வருகிறவன் என்று பேர் வாங்கிய காலம் அது.

அப்போதுதான் பல்லுப்புழுச் சித்தர் எழுந்தருளினார்.

அவர் வருவதற்கு முன்பே அவர் புகழ் வந்துவிட்டது. "செர்டாங்கில ஒருத்தி வாயிலேருந்து உழக்குப் புழு எடுத்தாராம்!" என்றார்கள். செர்டாங்கில் போய்க் கேட்டால், "இங்க இல்ல, பண்டார் பாருவிலதான்" என்பார்கள். பண்டார் பாருவில் கேட்டால் திகாம் பத்துப் பக்கம் கையைக் காட்டுவார்கள். போய்ப் பார்க்கவா முடியும்? ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆகவே அதிசயங்கள் எல்லாம் அடுத்த ஊரிலேயே சௌகரியமாக நடந்துகொண்டிருந்தன.

ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகை சும்மா கிடந்தது. சித்தர் அதில் இடம் பிடித்தார். சுவரில் ஒரு முருகன் படம், பக்கத்தில் ஒரு சிலுவை, இரண்டுக்கும் மேலே சூரியக் கொடி. யாரைக் கும்பிடுகிறவன் வந்தாலும் கும்பிடலாம். யாருக்குப் பயப்படுகிறவன் வந்தாலும் பயப்படலாம். ஏற்பாடு அப்படி!

காணிக்கையாக, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டைச் சித்தர் தொடமாட்டார். "பணம் மாயை" என்பார். அரிசி மாயையில்லை. முட்டை மாயையில்லை. உப்பு இருக்கிறதே, அது மாயையே இல்லை. கொட்டகையின் மூலையில் அரிசி மூட்டை நாளுக்கு நாள் பருத்தது. ஊரில் வேறு எதுவும் பருக்காத காலத்தில் அது ஒன்றும் சின்ன அதிசயம் இல்லை.

வைத்தியத்தைச் சொல்கிறேன். முதலில் ஒரு சின்னக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு எண்ணெயை நோயாளியின் விரலில் விடுவார். வலிக்கிற இடத்தில் அவனேதான் தடவிக்கொள்ள வேண்டும். சித்தர் எச்சிலைத் தொடமாட்டார், வாய்க்குள் எட்டிப் பார்க்கவும் மாட்டார். அவ்வளவு ஆசாரம்! பிறகு சட்டியில் தணலைப் போட்டு, இலை தழையைத் தூவி, நோயாளியின் தலையோடு ஒரு கம்பளியைப் போர்த்துவார். தானும் உள்ளே தலையை நுழைப்பார். மோவாய்க்குக் கீழே பித்தளைத் தட்டம், தட்டத்தில் கறுப்புத் தண்ணீர். மூங்கில் ஊதுகுழலின் ஒரு முனை கன்னத்தில், மறு முனை சித்தர் வாயில். "வாயை இறுக்கி மூடு. தொறந்தா புழு மூளைக்கு ஏறிடும்!" என்று ஓர் அதட்டல். புஸ், புஸ் என்று நாலு ஊது. கடைசியில், "துப்பு!"

கம்பளியை விலக்கினால் தட்டத்தில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளியும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

வலியும் குறையத்தான் குறைந்தது. குப்பியில் இருந்தது கிராம்பு எண்ணெய், கண்ணுகளா. பல்லை மரத்துப்போக வைத்தது கிராம்பு. மாலை விழுந்தது சித்தர் கழுத்தில். சில நாளில் வலி திரும்பிவிடும். மறுபடி புழு, மறுபடி அரிசி.

அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி இஞ்ஞாசிமுத்து. அரிசிப் பங்கீடு அவர் கையில். அவருடைய ஒரே மகள் அகத்தா, பதினாறு வயது. மேல்வரிசைப் பற்கள் கொஞ்சம் முன்னே வந்து எட்டிப் பார்க்கின்றன என்று, சண்டை வருவதற்குச் சில மாதம் முன்னால் அப்பா அவளைப் பினாங்குக்கு அழைத்துப் போனார். பல் டாக்டர் ஒவ்வொரு பல்லுக்கும் வளையம் மாட்டி, குறுக்கே ஒரு தங்கக் கம்பியை இழுத்துக் கட்டினார். "மாசா மாசம் வாங்க, முறுக்கி விடறேன்" என்றார். அப்புறம் பினாங்கில் குண்டு விழுந்தது. டாக்டர் எந்தத் திசையில் ஓடினாரோ தெரியாது. கம்பி மட்டும் அகத்தா வாயில் தங்கிவிட்டது.

காலையில் எழுந்ததும் நாக்கால் கம்பியை ஒரு தடவை தடவிப் பார்ப்பாள். இன்றைக்கு எந்தப் பக்கம் குத்தப்போகிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டுமே! அவளுக்குக் கம்பி ஒரு முசுட்டு விருந்தாளி மாதிரி. போகவும் மாட்டான், சும்மா இருக்கவும் மாட்டான். தேன்மெழுகைக் கிள்ளி, மிளகளவு உருட்டி, கம்பியின் முனையில் அப்பிக்கொள்வாள். உப்பு இருந்தால் உப்புத் தண்ணீர். இல்லாவிட்டால் கொய்யா இலைக் கஷாயம் வைத்துக் கொப்பளிப்பாள். கன்னத்தின் உட்புறம் புண்ணான நாளில் பேச்சைக் குறைத்துக்கொள்வாள். அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனை.

சாப்பாட்டில் அவளுக்கு ஒரே கூட்டாளி, மாட்டுவண்டிக்கார அம்மாசி. வெற்றிலையும் புகையிலையும் சேர்ந்து அவருடைய பற்களை ஒவ்வொன்றாக வழியனுப்பி வைத்துவிட்டன. மேலும் இல்லை, கீழும் இல்லை. தோட்டத்தில் அது தெரியாத குழந்தை கிடையாது.

"பாப்பா, ஒனக்குப் பல்லு இருந்து சூசா, எனக்கு இல்லாம சூசா, ரெண்டு பேருக்கும் கஷ்டந்தான்" என்பார், மரவள்ளிக்கிழங்கை மசித்தபடி. "கெழங்குல துளி தேங்கா எண்ணெ விட்டு மசிச்சுப் பாரு. வழுக்கிட்டு எறங்கும்லா!"

"எண்ணெய்க்கு எங்கண்ணே போவேன்?"

"அப்ப எண்ணெய நெனச்சுக்கிட்டு முழுங்கு."

இப்படிச் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தவளைத்தான் பக்கத்து லயத்து வரிசைவீட்டுக் காளியம்மா கையைப் பிடித்து இழுத்துப் போனாள். காளியம்மா பால்வெட்டுக்காரி. கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. சித்தரிடம் போய்ப் போய், வீட்டில் கோழிக்கூடு காலியாகிவிட்டது.

"வா புள்ள. கம்பி குத்துதுன்னு எத்தன நாளைக்கு மொழுவத் தடவிக்கிட்டுக் கெடப்பே? சாமி ஊதுனா போயிரும்."

"எனக்குப் புழு இல்லக்கா. கம்பிதான் குத்துது."

"ஒனக்கு என்னாத் தெரியும்? பெரிய பல்லு டாக்டரு!"

கம்பளிக்குள் அகத்தாவுக்கு மூச்சு முட்டியது. கண்ணெரிச்சலில் ஒன்றும் தெரியவில்லை. துப்பச் சொன்னதும் துப்பினாள். வெளிச்சத்துக்கு வந்ததும் தட்டத்தைப் பார்த்தாள். புழுக்கள். "ஆ!" என்று வாயைப் பிளந்தாள்.

புழுவைப் பார்த்து அவள் வாய் பிளந்தாள். அவள் வாயைப் பார்த்துச் சித்தர் வாய் பிளந்தார். தங்கம்! வரிசையாக, மின்னிக்கொண்டு!

ஞானம் ஒரு நொடியில் பிறந்தது. சித்தர் எழுந்து நின்று கையைத் தூக்கினார்.

"கேளுங்க ஜனங்களே! நான் எடுக்க எடுக்கப் புழு ஏன் திரும்பி வருதுன்னு இன்னிக்குத்தான் எனக்குக் காட்சி கெடச்சிச்சு. இந்தப் புள்ள வாயில இருக்குறது கம்பியில்ல, கோட்டை! அதுக்குள்ள தாய்ப்புழு குடியிருக்கு. அது முட்டை போட்டுத் தோட்டம் பூரா அனுப்புது. வர்ற வெள்ளிக்கெழம குறடு வச்சிக் கோட்டையப் பிடுங்கினாத்தான் ஒங்க எல்லாருக்கும் வலி போவும்!"

"பிடுங்கினா பல்லும் சேந்து வந்துடுமே!" என்றாள் அகத்தா.

"நாலு பல்லு போனா என்னா? ஊரு பொழைக்கணுமா, ஒன் பல்லு பொழைக்கணுமா?"

கூட்டம் அகத்தாவைத் திரும்பிப் பார்த்தது. நேற்று வரை கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சியவர்களின் பார்வைதான் அது. இப்போது அந்தப் பார்வை அவள் வாயைத் தாண்டி மேலே வரவில்லை.

ஆனால் அகத்தா குனிந்து தட்டத்தை இன்னொரு தரம் பார்த்தாள். வெளிறிய உடம்பு, பழுப்புத் தலை. ஒரு புழுவின் வாலில் மெல்லிய நூலாம்படை, நூலாம்படையில் ஒரு குறுணை அரிசி. தினம் முறத்தில் பார்க்கிற முகம்! இந்தத் தோட்டத்துப் பெண்கள் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் இதே புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுகிறவர்கள். முறத்தில் கிடந்தால் "சீ!", பித்தளைத் தட்டத்தில் கிடந்தால் "சாமி!" இடம் மாறினால் புழுவுக்குக்கூட மரியாதை வந்துவிடுகிறது, பாருங்கள்.

அன்று மாலையே, கம்பியைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்று லயத்து ஆட்கள் கிராணி வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். அவர்கள் போன பிறகு இஞ்ஞாசிமுத்து நாற்காலியில் சாய்ந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் முழங்கால் போடுகிறவர். ஆனாலும் அவர் சட்டைப்பையில் சித்தர் கொடுத்த வேர் ஒன்று இருந்தது. மனிதருக்கு எல்லாப் பக்கமும் ஒரு கணக்கு வேண்டும்.

"எடுத்துட்டாப் போவுதும்மா" என்றார், மகள் முகத்தைப் பார்க்காமல். "அந்த ஆள் என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணு சொன்னான். வாயில கம்பி இருக்குறது திருட்டு ரேடியோ கேக்கத்தான்னு யாராச்சும் ஜப்பான்காரன்கிட்ட சொல்லிட்டா என்னா பண்ணுவீங்கன்னு கேட்டான்."

"அப்பா, அப்ப அவனுக்குத் தாய்ப்புழு வேணுமா, தங்கம் வேணுமா?"

கிராணி சட்டைப்பையைத் தடவிக்கொண்டார்.

"பினாங்குக்குக் கூட்டிட்டுப் போனது நீங்க. ராத்திரி வலியில நான் அழுதப்ப, 'பொறுத்துக்கோ, ஒரு நாள் கண்ணாடியப் பாத்துச் சிரிப்பே'ன்னு சொன்னதும் நீங்க. இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டேன். இப்பப் பல்லோட பிடுங்கச் சொல்றீங்களா?"

"நான் என்னாம்மா செய்ய? ஊரே நிக்குதே!"

"நிக்கட்டும். எனக்கு முன்னாடி ஒரே ஒரு ஆளுக்குப் புழு எடுக்கச் சொல்லுங்க. அந்த வாயிலேருந்தும் புழு வந்திச்சின்னா, நானே போய்க் குறடு முன்னால ஒக்காந்துக்கிறேன்."

"யாருக்கு?"

"அம்மாசி அண்ணனுக்கு."

இஞ்ஞாசிமுத்து மகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. ஜப்பான்காரன் வந்த பிறகு அந்த இடத்தில் அசைவே இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் நிற்க இடமில்லை. சித்தர் மஞ்சள் துணியில் குறட்டை வைத்து, குறட்டுக்குப் பொட்டும் வைத்திருந்தார். அகத்தா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை மட்டும் பாவாடையைக் கசக்கிக்கொண்டிருந்தது. நாக்கு கம்பியை விட்டு நகரவேயில்லை.

"சாமி, பாப்பா நல்ல காரியத்துக்கு முன்னால ஒரு ஏழைக்கு ஊதி விட்டா புண்ணியம்" என்று முனகியபடி அம்மாசி வந்து விழுந்தார். மோவாயையும் தலையையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார். கன்னம் இரண்டும் வீங்கியிருந்தன. வீக்கம் முழுக்க மசித்த மரவள்ளி என்பது அகத்தாவுக்கு மட்டும் தெரியும்.

கூட்டத்தில் ஒருத்தி, "அம்மாசிக்கா? பல்லு வலியா?" என்று ஆரம்பித்தாள். அகத்தா திரும்பி உதட்டில் விரல் வைத்தாள். சாமி காரியத்தில் குறுக்கே பேசக் கூடாது என்று அந்த அம்மாளும் அடங்கிவிட்டாள். பக்தியும் சில நேரம் உபகாரம்தான்.

"பாவம், கடுமையா வீங்கியிருக்கு" என்றார் சித்தர். காணிக்கையாக வந்த வாத்து முட்டைகளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "எந்தப் பக்கம் வலி?"

"ம்ம்... ரெண்டு பக்கமும், சாமி."

கிராம்பு எண்ணெய், கம்பளி, புகை. புஸ், புஸ், புஸ். உள்ளே அம்மாசி மரவள்ளியை நிதானமாக விழுங்கினார். "துப்பு!" துப்பினார். கம்பளி விலகியது.

"ஆஹா! பாத்துக்குங்க! மேல் கடவாய்ப் பல்லு அடியிலேருந்து இந்தப் பெரிசு வந்திச்சி. இந்த ரெண்டும் கோரைப் பல்லு. இதோ கெடக்குதே குட்டி, இது முன்பல்லு இடுக்குல ஒளிஞ்சிருந்திச்சி!"

கூட்டத்தின் பின்பக்கம் யாரோ "க்ளுக்" என்றார்கள். பிறகு இன்னொருவர். சித்தர் முறைத்தார். "எவன்டா சிரிக்கிறது? இன்னும் ரெண்டு பல்லுல மிச்சம் இருக்கு!"

அவ்வளவுதான், கொட்டகை கிடுகிடுத்தது. அகத்தா எழுந்தாள். "அண்ணே, துண்ட அவிழ்த்து ஊருக்கு வாயக் காட்டுங்க."

அம்மாசி துண்டை அவிழ்த்தார். வாயைத் திறந்தார். திறந்த வாயில் பசுங்கன்று நாக்கு மாதிரி ஒரு நாக்கு. சுற்றிலும் வெறும் ஈறு.

"சாமி, முன்பல்லு இடுக்குன்னீங்களே, அது எங்க இருக்கு? காட்டுங்க, நானும் பாத்து ரொம்ப வருசமாச்சி" என்றார்.

சித்தர் லேசுப்பட்டவரா? உடனே குரலை உயர்த்தினார். "முட்டாளுங்களா! இது ஈறுப் புழு! பல்லு போனாலும் ஈற விடாது! பல்லுப் புழுவவிடக் கொடியது!"

கண்ணுகளா, பாதிப் பேர் உடனே சிரிப்பை நிறுத்திவிட்டுத் தங்கள் ஈறைத் தடவிப் பார்த்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன். நம்பிப் பழகிய மனசு, விழுந்தாலும் மறுபடி அதே குழியைத் தேடிப்போய் விழும்.

அகத்தா விடவில்லை. கீழே கிடந்த ஒரு தேங்காய் ஓட்டை எடுத்துத் தட்டத்துக்கு மேலே பிடித்தாள். யாரும் தடுக்கும் முன்னே ஊதுகுழலைப் பிடுங்கி, ஓட்டைப் பார்த்து ஓங்கி ஊதினாள். கம்பி உதட்டில் குத்தியது, பொருட்படுத்தவில்லை. பொத்துப் பொத்தென்று தட்டத்தில் புழுக்கள் விழுந்தன. குழலைத் தரையில் தட்டினாள். ஈரப் பஞ்சு ஒன்று விழுந்தது. பஞ்சுக்குள் ஒரு கைப்பிடிப் புழு.

"தேங்கா ஓட்டுக்கும் பல்லு வலியா சாமி? இல்ல, இதுக்கும் ஈறு இருக்கா?"

காளியம்மா முன்னே வந்தாள். பஞ்சிலிருந்து ஒரு புழுவை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே!

"அடப் பாவி! இது நம்ம பங்கு அரிசிப் புழுடா! காலையிலகூடப் பொறுக்கிப் போட்டேனேடா! நான் குடுத்த அரிசியிலேருந்து எடுத்து, என் வாயிலேருந்து வந்திச்சின்னு எனக்கே காட்டினியா? அதுக்கு நான் கோழி வேற குடுத்தேனே! இந்தப் புழுவ அந்தக் கோழிக்குப் போட்டிருந்தா ரெண்டு முட்டையாச்சும் வச்சிருக்குமே!"

"அம்மா, பொறுமையா..."

"யாருடா ஒனக்கு அம்மா? ஒன் பேரு என்னாடா?"

"பழனியாண்டி" என்றார் சித்தர். கழுத்து மாலை காதில் தொங்கியது.

இரண்டு பேர் கை ஓங்கினார்கள். இஞ்ஞாசிமுத்து குறுக்கே வந்தார். "அடிக்க வேண்டாம்" என்றார். சட்டைப்பையிலிருந்த வேரை எடுத்துத் தணலில் போட்டார். பிறகு நேராகப் பழனியாண்டியின் முகத்தைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "என் பொண்ணு வாயில ரேடியோ இருக்குன்னு இப்பவும் மேல சொல்லப் போறியா? போய்ச் சொல்லு. இந்தக் கூட்டம் பூரா ஒன்கூடச் சாட்சிக்கு வரும். ஒன் ஊதுகுழலையும் எடுத்துக்கிட்டு வரும்."

"ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலீங்க!"

தண்டனையைக் காளியம்மாதான் சொன்னாள். ஒரு முறத்தைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். வாங்கிய அரிசி முழுவதையும் புடைத்து, கல் பொறுக்கி, புழு பொறுக்கி, வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சித்தர் புகைக்கொட்டகை வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அன்றுதான் அவர் முதல் முதலாக நிஜமாகவே புழு எடுத்தார், கண்ணுகளா. பிள்ளைகள் சுற்றி நின்று, "சாமி, இது கடவாய்ப் பல்லா, முன்பல்லா?" என்று கேட்டுக் கேட்டு அவரைச் சாகடித்தார்கள். வேலை முடிந்ததும் குரூண் சாலைப் பக்கமாக நடந்தவர், திரும்பிப் பார்க்கவே இல்லை.

கிராம்பு எண்ணெய்க் குப்பியை மட்டும் அகத்தா எடுத்து வைத்துக்கொண்டாள். அவதிப்படுகிறவர்களுக்கு ஒரு சொட்டு கொடுப்பாள். "இது வலிய மறக்கடிக்கும், பல்ல நல்லாக்காது. சொத்தைன்னா ஆஸ்பத்திரியில மருந்து போடுற டிரெசர்கிட்ட போங்க" என்று சொல்லித்தான் கொடுப்பாள். காளியம்மா ஆஸ்பத்திரி டிரெசரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து லயம் முழுக்கக் காட்டினாள்.

"நல்லாப் பாருங்கடி. ஓட்டை இருக்கு, புழு இல்ல!"

கம்பி உடனே குத்துவதை நிறுத்திவிட்டதா என்று கேட்காதீர்கள். அது குத்தத்தான் செய்தது. மறுநாள் காலையிலும் அகத்தா மெழுகை உருட்டினாள், கிழங்கை மசித்தாள், முகத்தைச் சுளித்தாள். ஆனால் பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டாள். லயத்துப் பக்கம் போனால், "சிரி புள்ள, பாக்கலாம்" என்று பெண்கள் கேட்டு வாங்குவார்கள். அவளும் வஞ்சனையில்லாமல் தங்கம் தெரியச் சிரிப்பாள். அப்பா தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வாயைப் பொத்து, கண்ணை மூடு, பேசாமல் நம்பு என்று ஒருவன் சொன்னால், அவன் கை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நோகிற இடத்தைத் தொட்டுப் பார்க்காதவன் நோயைத் தீர்க்க வந்தவன் இல்லை. பல் முப்பத்திரண்டையும் பத்திரமாகத் துலக்குகிற நாம், ஒரே ஒரு மூளையைத் துலக்க ஏன் இத்தனை சோம்பல்பட வேண்டும்?

போய் வாருங்கள், என் செல்லங்களே. உங்கள் வீட்டில் நோய்நொடி அண்டாதிருக்கட்டும். அண்டினாலும் நல்ல வைத்தியர் கிடைக்கட்டும். உங்கள் பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்கும்போது அதட்டுகிற நாக்கு அந்த வீட்டில் யாருக்கும் வாய்க்காதிருக்கட்டும். சுற்றமும் சிரிப்புமாக நீங்கள் நிறைந்து வாழ வேண்டும்.